ரயிலில் மட்டும் கேட்ட காது

இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, நன்றி சொல்லும் இடத்தில் தம்மைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் நம் உறவில் உண்டு. யார் யார் என்றும் எனக்குத் தெரியும். உங்களைப் பற்றிய வரி அங்கே இருக்கிறது, எங்கும் ஓடிவிடாது. அதற்கு முன் எங்கள் தந்தையைப் பற்றி நான் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவர் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது.

அவரைப் புகழ்ந்து பாட எனக்கு வராது. ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக எழுதுகிறேன். அது என் அம்மாவின் சந்தேகம். நைனாவுக்குக் காது நன்றாகவே கேட்டது, தன்னுடைய பேச்சைக் கேட்கத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று அம்மா பல வருடங்களாக நம்பி வந்தார். நைனா போன பிறகும் அந்த எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை. திதிக்குச் சமைக்கும்போதுகூட அதைச் சொல்லித்தான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

நைனா பொன்னேரிக்கு வடக்கே ஏரித் தண்ணீரில் நெல் விளையும் ஒரு சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். தம்பிகளுக்கும் சேர்த்துப் பங்கு போட்டபோது நிலம் துண்டு துண்டானது. ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் சேர்ந்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்பை உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக இழுக்கும் இடம் அது. அங்கே இரண்டு ஆள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். அந்தச் சத்தத்திலும் அனலிலும் நின்றுதான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார், இரண்டு சித்தப்பாக்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அடுத்தவர் முறுக்கிய போல்ட்டைத் தானும் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் மிஷினை ஓட விடமாட்டார் என்று மில்லில் சொல்வார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். அம்மா கேஸை அணைத்துவிட்டு வந்தால் இவர் போய் இன்னொரு முறை திருகிப் பார்ப்பார். அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அத்திப்பட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவும் சந்தேகத்தில் சளைத்தவர் இல்லை. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கி வந்து, வீட்டில் மறுபடியும் தட்டிப் பார்ப்பவர். இந்த இருவருக்கும் பிறந்தவள் நான். எங்கள் நிலம் பாகப்பிரிவினையில் குறைந்ததே தவிர, இந்தக் குணம் யாருக்கும் குறைவில்லாமல் கிடைத்தது.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் நைனாவின் காது மந்தமாக ஆரம்பித்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. அம்மா அடுப்பங்கரையிலிருந்து கூப்பிடுவார். நைனா பேப்பர் படித்துக்கொண்டே இருப்பார். இரண்டாவது முறை, மூன்றாவது முறை கூப்பிடுவார், பதில் வராது. நைனாவின் குரலும் வரவர மெலிந்துகொண்டே போனது. காது கேட்காதவர்கள் கத்திப் பேசுவார்கள் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? இவர் ரகசியம் பேசுவது போலப் பேசினார். அதனால் காது மந்தம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மனிதர் ஒட்டாமல் இருக்கிறார் என்றுதான் தோன்றியது. பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றிப் பார்த்தார்கள். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டார்கள். மில் சத்தத்தில் காது போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஊரே தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பையாவது அம்மா நம்பியிருப்பார். நைனாவோடு மில்லில் வேலை செய்த கோபால் மாமா ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து அதையும் கெடுத்தார். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா, இவருக்குக் காது இப்படி ஆகிவிட்டதே, மில்லில் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டார். கோபால் மாமா சிரித்துவிட்டார்.

"யாருக்கு, இவருக்கா? எங்க ஷிஃப்டுலயே இவருக்குத்தான்மா பாம்புக் காது. மிஷின் ஓடறப்ப நாங்க கத்தறது எங்களுக்கே வெளங்காது. இவரு டக்குனு திரும்பிப் பார்ப்பாரு. கேன்டீன்ல அந்தம்மாகூட பேசிக்கினு நின்னாருன்னா ஒரு வார்த்த உட மாட்டாரு."

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. நைனா எதுவும் காதில் விழாமல் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அம்மா மனத்தில் விழுந்த விதை அது. மில்லில் கேட்கிறது, கேன்டீன்காரம்மா பேசினால் கேட்கிறது, கட்டினவள் பேசினால் மட்டும் கேட்கவில்லை என்றால் அதற்குப் பெயர் என்ன? காரியச் செவிடு என்று அம்மா பெயர் வைத்தார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வீடு தீப்பிடித்து எரிகிறது என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்போம். அவர் திரும்ப மாட்டார். சரியான நடிகர் என்று அம்மா சொல்வார்.

நைனாவின் பக்கமும் சும்மா இல்லை. நாங்கள் வாயசைப்பது தெரியும், வார்த்தை தெரியாது. அவர் வந்ததும் பேச்சை நிறுத்தினால், தன்னைப் பற்றித்தான் பேசினோம் என்பார். சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரித்தோம் என்பார். பாதி நாள் அது உண்மையாகவும் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கட்சியாக வாழ்ந்தோம்.

இந்தச் சமயத்தில்தான் அத்திப்பட்டில் அம்மாவின் தாயார் காலமானார். நைனா அன்று டியூட்டிக்குப் போய்விட்டு, எல்லாம் முடிந்து மயானத்திலிருந்து திரும்பும் நேரத்தில் யூனிஃபார்மோடு வந்து நின்றார். சேதியை நேரில் சொல்லியும் வேலைக்குப் போய்விட்டார் என்று அம்மா தன் பிறந்த வீட்டில் சொல்லிக்கொண்டார். என்னிடம் யாரும் சொல்லவே இல்லை, மில்லுக்குப் போன் வந்துதான் தெரியும் என்று நைனா தம்பிகளிடம் சொல்லிக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் நேருக்கு நேராகக் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே சுருங்கிப்போனது.

வருடங்கள் ஓடின. நானும் அதே சிப்காட்டில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு மூக்கடைப்பும் தலைவலியும் ஓயாமல் இருந்ததால் சென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் போனேன். துணைக்கு நைனா வந்தார். அங்கே இருந்த டாக்டரம்மா என் மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்து, நடு எலும்பு ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது என்றார். ஏதோ கேட்டதற்கு நைனா பதில் சொன்னார், தம் வழக்கமான மெல்லிய குரலில். டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, பஸ், ரயில் மாதிரி இரைச்சலான இடத்தில் பேச்சு நன்றாகக் கேட்கிறதா என்று கேட்டார். நைனா ஆடிப்போனார். ஆமாம் என்று தலையசைத்தார். இந்தக் கேள்வியை அதுவரை அவரிடம் யாரும் நல்ல எண்ணத்தில் கேட்டதில்லை.

டாக்டரம்மா கவை போன்ற ஒரு இரும்புக் கருவியைத் தட்டி, அதிரும்போதே காதருகில் பிடித்தார். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் அதன் அடியை வைத்தார். எலும்பில் வைத்தபோதுதான் நன்றாகக் கேட்டது என்றார் நைனா. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காது கேட்கும் அளவையும் எடுத்தார்கள். நரம்பு ஓரளவு நன்றாகவே இருக்கிறது, மில் சத்தம் முக்கியக் காரணம் இல்லை, உள்காதுக்குச் சத்தத்தைக் கடத்தும் ஒரு குட்டி எலும்பு அசையாமல் இறுகிவிட்டது என்று டாக்டரம்மா விளக்கினார். உடம்பிலேயே மிகச் சின்ன எலும்பு அதுதானாம். இரைச்சலில் எல்லோரும் குரலை உயர்த்திப் பேசுகிறார்கள், அந்த இரைச்சலோ இவருக்குக் குறைவாகத்தான் கேட்கிறது, அதனால் பேச்சு தெளிவாக விழுகிறது. அமைதியான வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுவதால் ஒன்றும் எட்டுவதில்லை. தம் குரல் தமக்கு எலும்பு வழியாகப் பெரிதாகக் கேட்பதால்தான் மெதுவாகப் பேசுகிறார். அறுவை சிகிச்சையில் அந்த எலும்பை எடுத்துவிட்டு ஒரு சின்ன பிஸ்டன் பொருத்தலாம். பெரும்பாலும் கேட்கும். அபூர்வமாக, இருக்கிற கேட்கும் திறனும் போய்விடக்கூடும். அதையும் மறைக்காமல் சொன்னார்.

நான் துள்ளிக் குதிக்காத குறையாக வெளியே வந்தேன்.  ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் நைனா கேட்டார்.

"மூக்கு பாக்கப் போன எடத்துல என் காதுல இன்னாத்துக்கு டார்ச் அடிக்கணும்? நீயும் ஒங்கம்மாவும் முன்னாடியே பேசி வெச்சுக்கினுதான என்னை இட்டாந்தீங்க?"

அந்த டாக்டர் கத்தி வைக்க ஆள் தேடுகிறார் என்றார். கேட்கிற கொஞ்சமும் போய்விட்டால் மில்லில் நிற்க விடுவார்களா என்றார். காதில் குறை என்று எழுத்தில் வந்துவிட்டால் முதலாளி தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவான், அதற்குத்தான் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விளக்கினால் அவர் அதற்கு மேல். "கம்பெனியில கேக்குமாம், ரயில்ல கேக்குமாம், ஊட்டுக்கு வந்தா மட்டும் அடைச்சுக்குமாம். இன்னா நோயிடி இது? அந்தம்மாவுக்கு இவரு சொல்லிக் குட்த்துருப்பாரு." டாக்டரையே நைனாவின் கூட்டாளி ஆக்கிவிட்டார். டாக்டர் எங்கள் கூட்டாளி என்று நைனா சொல்ல, நைனாவின் கூட்டாளி என்று அம்மா சொல்ல, நான் நடுவில் பேஜாராகி நின்றேன். அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது.

பிறகு ஒரு நாள் திருவொற்றியூரில் ஒரு வளைகாப்புக்கு நைனாவும் அம்மாவும் சித்தியும் ரயிலில் போய் வந்தார்கள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மறுநாள் காலை நாஷ்டா முடித்துக் கைகழுவிவிட்டு வந்து, ஆபரேஷனுக்கு எப்போது வர வேண்டும் என்று அந்த டாக்டரம்மாவிடம் கேட்டு வா என்றார் நைனா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் இந்தத் திடீர் மாற்றம் என்று எத்தனை விதமாகக் கேட்டும் சொல்லவில்லை. அம்மா மட்டும் உடனே காரணம் கண்டுபிடித்தார். கேன்டீன்காரம்மா சொல்லியிருப்பாள், அவள் சொன்னால்தானே கேட்பார் என்றார்.

அறுவை சிகிச்சை நடந்தபோது நைனாவுக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. காதை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். முகத்தைப் பச்சைத் துணியால் மூடி, காதுத் துளை வழியாகவே நுண்நோக்கியை வைத்துச் செய்தார்கள். உள்ளே என்ன செய்கிறார்களோ என்று படுத்திருந்த நேரம் முழுக்கச் சந்தேகப்பட்டாராம். திடீரென்று கருவியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, கத்தாமல், பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவது போல டாக்டரம்மா கேட்டார்: "இப்ப நான் பேசறது கேக்குதாங்க?" கேட்கிறது என்று நைனா தலையை ஆட்டினார். தலையை ஆட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள் என்று அதட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் சில நாட்கள் தலை சுற்றியது. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்றார்கள். அதையெல்லாம் ஒன்று விடாமல் கடைப்பிடித்தார். காதில் வைத்த பஞ்சை எடுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

ஒரு நாள் அம்மா அடுப்பங்கரையில் தனக்குத்தானே, உப்பு தீர்ந்துவிட்டதே என்று முணுமுணுத்தார். நைனா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய், உப்புப் பாக்கெட்டைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்தார். நான் அழுதுவிட்டேன். அம்மா உப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அப்ப இத்தினி நாளும் கேட்டுக்கினுதான் இருந்துருக்கு" என்றார். இப்படி ஒரு அம்மாவை வைத்துக்கொண்டு எந்த டாக்டர் என்ன செய்ய முடியும்?

காது கேட்க ஆரம்பித்ததும் மில் இரைச்சல் நைனாவுக்குத் தாங்கவில்லை. ஸ்டோர்ஸ் பகுதிக்கு மாற்றிக் கேட்டார், கொடுத்தார்கள். யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. மாலையில் நேராக வீட்டுக்கு வந்து, அம்மா காய் நறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். அம்மா பேசுவதை முழுக்கக் கேட்பார். பக்கத்து வீட்டுச் சண்டை, ரேஷன் கடை, தம்பி மனைவியின் போன் பேச்சு, எல்லாம். அம்மா சொன்னதையே சொன்னாலும் எழ மாட்டார். ஓய்வு பெற்ற பிறகு இதயம் பலவீனப்பட்டுப் படுத்த காலத்திலும் அப்படித்தான். அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். ஆபரேஷன் செய்த காதை அம்மா பக்கம் வைத்து நைனா படுத்திருப்பார். அப்படியே ஒரு பிற்பகலில், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது அமைதியாகப் போய்விட்டார்.

இனி நன்றி. உடம்பு முடியாத நாட்களில் நைனாவைத் தூக்கிப் பிடித்து ஆம்புலன்ஸில் ஏற்றிய எதிர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்த தம்பிக்கும் அவன் மனைவிக்கும். காரியம் முடியும் வரை கூடவே நின்ற சித்தப்பாக்களுக்கு. நைனாவின் காதைக் கண்டுபிடித்த டாக்டரம்மாவுக்கு. அவர் அன்று என் மூக்கோடு நிறுத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. வாயை அடக்கத் தெரியாவிட்டாலும் கடைசி வரை வாரம் தவறாமல் பார்க்க வந்த கோபால் மாமாவுக்கு. பதினாறாம் நாள் யாரும் கூப்பிடாமலே வந்து, பந்தி முடியும் வரை அண்டாக்களைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போன கேன்டீன் அம்மாவுக்கு. கேன்டீனின் எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சலில் தாம் கத்தாமல் யாரிடமும் பேசியதே இல்லை என்று அவர் என்னிடம் சொன்னார். அம்மா அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கடைசி வருடம் காதுப் பரிசோதனைக்கு நைனாவை அழைத்துப் போயிருந்தேன். வரிசையில் காத்திருந்தபோது, அன்று ஏன் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாய் என்று மறுபடியும் கேட்டேன். வளைகாப்புக்குப் போன ரயிலில் அம்மாவும் சித்தியும் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்களாம். நைனா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். காரியச் செவிடு என்று வாய் ஓயாமல் சொன்ன அம்மா, அவர் தூங்குகிறார், அவருக்கு எங்கே கேட்கப்போகிறது என்று, ரயில் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித் தங்கையிடம் மனத்தைக் கொட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை விடாமல் நைனாவுக்குக் கேட்டிருக்கிறது.

"ஒங்கம்மா சொல்றா, அவங்கம்மா செத்த அன்னிக்கு நான் காபி குடிச்சுக்கினு இருந்தப்ப பின்னாடி நின்னுக்கினு எங்கிட்ட சொன்னாளாம். அழுதுக்கினே சொன்னாளாம். நான் திரும்பிக்கூட பாக்காம டிபன் பாக்ஸைத் தூக்கிக்கினு போயிட்டேனாம். எனக்குச் சொல்லவே இல்லன்னு நான் இத்தினி வருசமா அவமேல கோவமா இருந்துட்டேன்மா. நான் குடுத்து வெச்சது அவ்ளோதான். அதுக்கு அப்புறம் காது போனாலும் போவட்டும்னு தோணிப்போச்சு."

இதை அம்மாவிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கோபப்பட்டேன். ஆபரேஷன் முடிந்து வந்து சொன்னால் கதை கட்டுகிறேன் என்பாள், அவளை எனக்குத் தெரியாதா என்றார். நீயும் சொல்லாதே, ரயிலில் அவள் பேசியது எனக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்தால் கூசிப்போவாள் என்றார். நான் சரி என்றேன். ஆனால் சத்தியம் எதுவும் பண்ணவில்லை.

நானும் அவர் மகள்தானே. நைனா சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. அவர் போன பிறகு சித்தியிடம் போய், அந்த ரயிலில் என்ன நடந்தது என்று விசாரித்தேன்.  "ஒங்கம்மா அழுதுக்கினே ஏதோ பேசிக்கினு வந்தா. ஒங்க நைனா கண்ணை மூடிக்கினுதான் இருந்தாரு. ஆனா மூடின கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்திக்கினே இருந்துச்சு. ஜன்னல் காத்துன்னு நெனைச்சேன்டி. ஒங்கம்மாகிட்ட சொல்லல" என்றார்.

அம்மா, அன்று காலையில் நீ சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டியூட்டிக்குப் போயிருக்க மாட்டார். நான் எழுதியதையும் நீ நம்ப மாட்டாய். சித்தி இன்று உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். கேட்டுப் பார்.